மூக்குப்பாறையில் வண்டி வழுக்கவில்லை

எங்கள் வீட்டுப் பெண்களில் காரில் ஏறினால் வாந்தி எடுக்காதவள் நான் ஒருத்திதான். என் அம்மா கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் ஸ்டேஷன் வருவதற்குள், கையிலிருக்கும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்தே வாடவைத்துவிடுவாள். நாத்தனார் கிருஷ்ணம்மாள் வண்டி கிளம்பும் முன்பே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். எனக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. பெட்ரோல் வாசனை பிடிக்கும். அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, டிரைவர் உத்திராபதிக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வரும், வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. அதனால் ஏரி வற்றிய ஒரு கோடையில் அப்பா என்னை ஏரிக்குள் வண்டியை ஓட்டவிட்டுப் பழக்கினார். கல்யாணம் ஆகும்போது எனக்குச் சமையலைவிடக் கியர் மாற்றுவது நன்றாக வரும்.

ஐயா, என்னை யாரும் இங்கே அழைத்து வரவில்லை. இந்த நசுங்கிய தோளோடு நானாகத்தான் உங்கள் கோர்ட்டுக் கச்சேரிக்கு வந்தேன். நீங்கள் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தீர்கள், என் கணவரின் சாவுக்கு வருத்தம் சொன்னீர்கள். நான் பேசவந்தது என்ன என்று தெரிந்ததும், மாஜிஸ்திரேட் முன்னால் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பும் என்று எச்சரித்தீர்கள். நல்லது. திரும்பட்டும். விசாரணை முடிந்து உங்கள் இன்ஸ்பெக்டர் சொன்ன முடிவை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓட்டியவர் பெண், மலைப்பாதை பழக்கமில்லாதவர், வளைவில் வண்டி வழுக்கிவிட்டது, யார்மேலும் குற்றமில்லை என்றார்கள். உறவுக்காரர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் அந்த ‘வழுக்கிவிட்டது’ என்ற சொல் தொண்டையில் நின்றுவிட்டது. அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

பச்சைமலையில் மூங்கில்பாறைக்கு ஏறும் சாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மன் சண்டைக்கு முன்னால், ஜில்லாவிலிருந்த வெள்ளைக்காரர்கள் மோட்டார் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். வருஷம் ஒருமுறை, அறுப்பு முடிந்ததும், அந்தச் சாலையில் பந்தயம் நடக்கும். அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். உச்சியில் சுண்ணாம்பு அடித்த தூணை யார் சீக்கிரம் எட்டுகிறாரோ அவருக்குக் கோப்பை. மற்ற நாள்களில் அதில் கடுக்காய் மூட்டையும் விறகும்தான் இறங்கும். பந்தயத்தன்று மட்டும் மலைக்காரர்களைக் கயிறு கட்டி மறித்துவிடுவார்கள். நம் பக்கத்து மிராசுதார்கள் மாமரத் தோப்பில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, பந்தயத்தைவிடச் சாப்பாட்டை அதிகம் கவனிப்பார்கள்.

என் கணவர் பஞ்சநாதன் முப்பத்தெட்டாம் வருஷம் அதில் பெயர் கொடுத்தார். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். அவர் புதிதாக ஒரு பச்சை நிற வண்டி வாங்கியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்பே நாங்கள் மலைக்குப் போய்ப் பழகினோம். அதாவது நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் இருப்பார். தனக்கு வழி மனப்பாடம் ஆகட்டும் என்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அவர் கெட்டவர் அல்ல. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. குழந்தை இல்லை என்று அவருடைய வீட்டார் இரண்டாம் கல்யாணப் பேச்சு எடுத்தபோது, எடுத்தவர்களை வாசலோடு அனுப்பியவர். பந்தயத்தன்று காலையில் கூடாரத்துக்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரத்தினம், எனக்குக் கை நடுங்குது. முடியாது போலருக்கு.”

“உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க.”

“ஊரே வந்து நிக்குது. வெள்ளைக்காரனைப் பாத்துப் பயந்துட்டான்னு சொல்லுவானுங்க.”

நான் வெளியே பார்த்தேன். வண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. நான் ஓட்டிய ஓட்டத்தில் அதன் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். “கோட்டைக் கழட்டுங்க,” என்றேன்.

வளையல்களைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன். அவருடைய நீளக் கோட்டு, தோல் குல்லாய், கண்ணாடி, வாயைச் சுற்றித் தூசிக்குத் துணி. எங்கள் இருவருக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். கொடி இறங்கியது. அதன்பிறகு தூண் வரைக்கும் நான் எதையும் நினைக்கவில்லை. வாழ்நாளில் அப்படி நினைப்பே இல்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். உச்சியில் ஒரு வெள்ளைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அப்படியே கீழே இறங்கி, தோப்புக்குப் பின்புறம் வண்டியை நிறுத்தி, கோட்டை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனபோது ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்தச் சாலையில் அதுவரை எந்த வண்டியும் அவ்வளவு வேகமாக ஏறியதில்லையாம். அதற்குப் பிறகும் ஏறவில்லை. சண்டை வந்து பந்தயமே நின்றுபோயிற்று.

அன்று மாலை அவர் என் காலில் விழாத குறைதான். “இதை உசுரு இருக்கறவரைக்கும் மறக்க மாட்டேன்,” என்றார். எனக்கு அது போதும் என்றிருந்தது. என்னைக் கட்டாயப்படுத்தி யாரும் அந்தக் கோட்டைக் கழற்ற வைக்கவில்லை. நானாகத்தான் கழற்றினேன். என்மேல் இரக்கப்பட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் வருஷம் யாராவது கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். இரண்டாவது வருஷம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். பிறகு ராத்திரி சாப்பாட்டின்போது என்னிடம் ஒவ்வொரு வளைவாகக் கேட்க ஆரம்பித்தார். எங்கே கியர் மாற்றினாய், எங்கே கால் கூசியது, எங்கே இன்ஜின் திணறியது. கேட்கிறாரே என்று நானும் ஆசையாகச் சொன்னேன். மறுவாரம் நான் சொன்னவற்றை அவர் வாயால் விருந்தாளிகளுக்கு முன்னால் கேட்டேன். மோர் ஊற்றிக்கொண்டே கேட்டேன். பச்சை வண்டியை விற்றுவிட்டார். குடும்பப் பெண்ணுக்கு அந்த வண்டி வேண்டாம் என்று அவருடைய அண்ணன் சொன்னாராம். அதன்பிறகு நான் ஓட்டியதெல்லாம் கோயிலுக்குப் போகும் பெரிய கார்தான். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரிப்புகையில் ஓட அதன் முதுகில் கரியடுப்பைக் கட்டிவிட்டார்கள். மாட்டு வண்டிக்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

சுதந்திரம் வந்ததும் கதை இன்னும் பெரிதாயிற்று. வெள்ளைக்காரனை அவன் பந்தயத்திலேயே தோற்கடித்த தமிழன் என்று அரியலூரில் மேடை போட்டு மாலை போட்டார்கள். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினேன். நான் கைதட்டியதை அவர் பார்த்தார்.

இந்த வருஷம் மதராஸிலிருந்து வேணுகோபால் வந்தார். மோட்டார் சாமான் வியாபாரம் செய்பவர். முப்பது வயதிருக்கும். பழைய பந்தயச் சாலைகளையெல்லாம் தேடிப்போய்ப் பார்ப்பது அவருக்கு ஒரு பைத்தியம். மூங்கில்பாறைப் பந்தயத்தை நம்மவர்களே மறுபடி நடத்த வேண்டும், அதற்குப் பஞ்சநாதன் கோப்பை என்று பெயர் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவரை அரியலூர் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு, குன்னம் வழியாக மலைக்குப் போனோம். என் கணவருக்கு நீரிழிவு வந்ததிலிருந்து கால் மரத்துப்போகும். அதனால் நான் ஓட்டினேன். கூரை மடக்கும் வண்டி. அவர் முன்னால் என் இடப்பக்கம். வேணுகோபால் எனக்குப் பின்னால்.

“அம்மா ரொம்ப நல்லா ஓட்டறாங்க சார்,” என்றார் அவர், குன்னம் தாண்டியதும்.

“நான்தான் கத்துக் குடுத்தேன்,” என்றார் என் கணவர்.

சாலையில் பருத்தி வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் ஹாரன் அடித்து அதைக் கடந்தேன். கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்கக்கூடும். வரவில்லை. கோபத்தில் வண்டி ஓட்டக் கூடாது.

மலையில் மெதுவாகத்தான் ஏறினேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் சாலை அதிகம் மாறவில்லை. ஓரக் கற்கள் சில உருண்டு போயிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தச் சொல்லி அவர் கதை சொன்னார். வேணுகோபால் இறங்கிப் போய் ரோட்டைக் காலால் தேய்த்துப் பார்ப்பார், குனிந்து பார்ப்பார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மூக்குப்பாறை. மலை இடப்பக்கமாக மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கம் பள்ளம். சாலை அந்த மூக்கைச் சுற்றி இடப்புறம் திரும்பும். அங்கே பள்ளத்தின் பக்கமாக நன்றாக ஒதுங்கிப் போய், ஓரத்தில் நிற்கும் வேங்கை மரத்தைத் தாண்டிய பிறகுதான் திருப்ப வேண்டும். பயப்படுகிறவர்கள் பள்ளத்தைப் பார்த்துச் சீக்கிரம் திருப்பிவிடுவார்கள். வேகத்தில் அப்படித் திருப்பினால் பாறை வண்டியின் இடப்பக்கத்தை வாரிக்கொள்ளும்.

இந்த ஒரு வளைவைப் பற்றி மட்டும் நான் அவரிடம் சொன்னதே இல்லை. அதை எனக்கென்று வைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே அதற்கு அவர் சொந்தமாக ஒரு கதை கட்டியிருந்தார்.

“இங்கதான் தம்பி விஷயமே. எல்லாரும் பள்ளத்துப் பக்கமா போய்ச் சுத்துவாங்க. நான் பாறையை ஒட்டியே ஒடிச்சேன். காலை எடுக்கவே இல்லை. பாறைக்கும் வண்டிக்கும் ஒரு வெரக்கடை.”

“அடேயப்பா. உங்களுக்குப் பயமாவே இல்லையா சார்?”

“பயந்தா ஜெயிக்க முடியுமா?”

வேணுகோபால் பாறையைத் தொட்டுப் பார்த்தார். கோயில் சுவரைத் தொடுவதுபோலத் தொட்டார். அங்கே கோப்பையின் பெயரைச் செதுக்கி ஒரு கல் நடலாம் என்றார். நான் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் முடிவானது அப்போதுதான். அதை மறைக்க விரும்பவில்லை.

உச்சியில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அங்கே நடந்த பேச்சு இருக்கட்டும். அதன் முடிவில் வேணுகோபால், மறுபடி அடிவாரத்துக்கு இறங்கி, பந்தய வேகத்தில் ஒருமுறை ஏறிக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஆகட்டும் என்றேன்.

அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். சக்கரங்களைத் தட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன, குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப்போல் சாலையைக் கயிறு கட்டி மறிக்க ஆளில்லை. பாதி வழியில் ஆண்டாயி என்ற மலைக்காரப் பெண் விறகுக் கட்டோடு வந்தாள். ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, அவள் ஓரமாக ஒதுங்கி நிற்கும்வரை காத்துத்தான் போனேன். இதை அவள் உங்கள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். “அந்த அம்மா எனக்காக நிறுத்திப் போனாங்க, அப்பறம் காத்தாப் பறந்தாங்க” என்றாளாம். நிலை தவறிய பெண் விறகுக்காரிக்காக நின்று போவாளா என்று அவர் யோசித்திருக்கலாம். சம்பந்தமில்லாத ஓர் உயிருக்கும் என்னால் கெடுதல் வரக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

அதற்குப் பிறகு ஓட்டினேன். அது கனத்த வண்டிதான், பச்சை வண்டி அல்ல. ஆனால் என் கை மறக்கவில்லை. வளைவுகள் ஒவ்வொன்றாக எனக்கு வழிவிட்டன. பின்னாலிருந்து வேணுகோபால் சந்தோஷத்தில் கத்தினார். என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, ரத்தினம்... போதும், மெதுவா” என்றார். அவர் குரல் அன்று கூடாரத்துக்குள் கேட்ட குரலாகவே இருந்தது.

மூக்குப்பாறை வந்தது. வேங்கை மரம் தெரிந்தது. பள்ளத்துப் பக்கம் ஒதுங்க எனக்கு வேண்டிய இடம் இருந்தது, வேண்டிய நேரமும் இருந்தது. நான் ஒதுங்கவில்லை. அவர் இத்தனை வருஷமாக ஊருக்குச் சொன்னபடியே அந்த வளைவை எடுத்தேன். பாறையை ஒட்டியே ஒடித்தேன். காலை எடுக்கவில்லை. பாறை எனக்குத் தெரிந்த இடத்தில், எனக்குத் தெரிந்தபடி இடப்பக்கத்தை வாரிக்கொண்டது. வண்டி ஒருமுறை சுற்றி ஓரக் கற்களில் மோதி நின்றது. என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கினேன். என் கணவருக்கு அப்போதே முடிந்துவிட்டது. வேணுகோபாலுக்கு மூச்சு இருந்தது. “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல தம்பி,” என்றேன். மலைக்காரர்கள் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனார்கள். பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் அவரும் போய்விட்டார்.

ஆக, வண்டி வழுக்கவில்லை. மண் ஈரமாக இல்லை. பிரேக் கெடவில்லை. பழக்கமில்லாத பெண்ணும் இல்லை. அந்தச் சாலையில் அந்த வளைவை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் பிறக்கவில்லை. அறிந்தேதான் செய்தேன். என் கணவரை நான் கொன்றேன். தூக்கில் போடுவதாக இருந்தால் போடுங்கள். பயத்தில் நான் பேச்சை மாற்றப் போவதில்லை. ஆனால் ஓட்டத் தெரியாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள். என் பெயர் எனக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் இத்தனையும்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். வேணுகோபால் என்ன தப்புச் செய்தார் என்று கேட்கிறீர்கள். உச்சியில் என்ன பேசினோம் என்றும் கேட்கிறீர்கள். வழக்குக்கு அது அவசியமில்லை என்று நினைத்தேன். கேட்டதால் சொல்கிறேன்.

சாப்பிட்டுக் கை கழுவியபின் என் கணவர் அந்தத் தூணில் சாய்ந்து நின்றார். பிறகு வேணுகோபாலைக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்தக் கோப்பைக்கு என் பேரை வைக்காதீங்க. அன்னைக்கு ஓட்டினது நான் இல்லை. இவதான். கோட்டு மட்டும்தான் என்னோடது.”

வேணுகோபால் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். “நெசமாம்மா?” என்றார். நான் தலையசைத்தேன். அவர் உடனே நம்பிவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்படின்னா அது ரத்தினம்மாள் கோப்பைம்மா. மதராஸ் பூரா நான் சொல்றேன்,” என்றார். என் கணவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சுடு ரத்தினம்,” என்றார். துடைத்தபோது அவர் முகம் தெளிந்துவிட்டது. வயது குறைந்தாற்போல் இருந்தது.

அந்தத் தெளிவுதான், ஐயா. சுமந்தவள் நான், இறக்கிவைத்து இளைப்பாறியவர் அவர். வேணுகோபால் மதராஸுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்? மனைவியின் வெற்றியைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட பெருந்தன்மையான மனிதர் என்று சொல்லியிருப்பார். அதற்கும் அரியலூரில் மேடை போட்டிருப்பார்கள். நானும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கும் கைதட்டியிருப்பேன். இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன். வேணுகோபாலின் சாவுக்கு எனக்கு வருத்தம் உண்டு. நல்ல பிள்ளை. என்னை நம்பிய ஒரே ஆள். அடிவாரத்தில் மறுபடி வண்டியில் ஏறப் போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டு, “உங்க பின்னாடி உக்காந்து வர்றதுக்குக் குடுத்துவச்சிருக்கணும்மா,” என்றார்.

“எனக்குப் பின்னாடி வேணாம் தம்பி,” என்றேன். “இந்தத் தடவை அவருக்குப் பின்னாடி, இடது பக்கமா உக்காருங்க. அங்கேருந்துதான் பாறை நல்லாத் தெரியும்.”